மார்கழியில் வாங்கிய டயர்கள்

அன்புள்ள கண்ணா,

நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். இதை எழுதும்போதே கீழே உன் குரல் கேட்கிறது. ஃபிளாஸ்க்கின் மூடியைக் காணவில்லை என்று நித்யாவிடம் முறையிட்டுக்கொண்டிருக்கிறாய். ஒரே வீட்டில், ஒரு மாடிப்படி இடைவெளியில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதும் தாயை உலகம் என்ன நினைக்கும் என்று நானும் யோசித்தேன். ஆனால் நேரில் எதைச் சொன்னாலும் நீ "ஓகே மா" என்று முடித்துவிடுகிறாய். நான் சொன்னது உனக்கு ஏற்புடையதா, அல்லது என் மனம் நோகக் கூடாது என்பதற்காகத் தலையசைக்கிறாயா என்பதை அவ்விரு சொற்களிலிருந்து என்னால் பிரித்தறிய முடிந்ததே இல்லை. ஆகவே எழுதுகிறேன். நாளை விடியுமுன் நீ பஃபலோவுக்குப் புறப்படுகிறாய். தமிழை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பவன் நீ. ஆகவே இன்றிரவே, புறப்படும் முன் இதைப் பிரி. நம் தமிழ்ச் சங்க மலரிலும் இது வரட்டும் என்கிறாள் நித்யா. பிள்ளைகளைக் குளிர்காலச் சாலைக்கு அனுப்பிவிட்டுச் சன்னலோரம் அமர்ந்திருக்கும் தாய்மார் இந்நாட்டில் வேறும் இருப்பார்கள் அல்லவா?

வெளியே பனி பெய்கிறது. நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரின் இந்தத் தெரு, அதன் தபால் பெட்டிகள், எதிர்வீட்டாரின் கூடைப்பந்துக் கம்பம் எல்லாம் வெண்மைக்குள் மெல்ல அமிழ்ந்துகொண்டிருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாகியும் இக்காட்சி எனக்குக் கனவுபோலவே இருக்கிறது. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தார்கள். மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் கடலுக்கும் வறண்ட வழிக்கும் தனித்தனியே பூவும் பொழுதும் வைத்தார்கள். வெண்மை மூடிய நிலத்துக்கு அவர்கள் எதையும் வைக்கவில்லை. பனி என்றால் அவர்களுக்குப் புல்நுனியில் ஒரு துளியாக நின்று, வெயில் ஏறியதும் விடைபெற்றுக்கொள்வது. முன்பனி, பின்பனி என்று இரு பருவங்களுக்குப் பெயர் சூட்டியவர்கள், விழுந்த இடத்திலேயே வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கும் ஒன்றை அறிந்திருக்கவில்லை. பொருள் தேடி வறண்ட வழியில் போன தலைவனுக்காக அக்காலத்துப் பெண்கள் வருந்தியபோது, வெயிலையும் கள்வரையும் நினைத்து வருந்தினார்கள். நானோ கண்ணாடிபோல் உறைந்த நெடுஞ்சாலையை நினைத்து வருந்துகிறேன். பாடலில் இல்லாத வழியில் நீ போகிறாய். எனவே உனக்காக நான் கவலைப்படுவதற்கும் எனக்கு முன்மாதிரி கிடையாது.

உன் தொழிலைப் பற்றி யாரேனும் கேட்டால், அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு வடக்கே போய் இறக்கிவிட்டு வருகிறான் என்பேன். எடிசன் கிடங்கில் ஏற்றி, ஸ்க்ரான்டன், பிங்கம்டன், சிரக்யூஸ், பஃபலோ என்று இந்தியக் கடை உள்ள ஊர்களிலெல்லாம் நின்று நின்று போகிறாய். கணினி வேலையை விட்டுவிட்டு நீ இந்த டிரெய்லர் வண்டியை வாங்கியபோது, கோயில் வாசலில் பூஜை போட்டு, ஒவ்வொரு டயரின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தோம். எத்தனை டயர், எத்தனை பழம் என்று குருக்கள் மலைத்துப்போனார். அன்று முதல் இவ்வண்டிக்கு எது செய்தாலும் நான் நாள் பார்த்தே செய்தேன். உன் தந்தை மறைந்தபின் பஞ்சாங்கம் எனக்கு இருட்டில் பிடித்து நடக்கும் கைப்பிடிச் சுவர் ஆகிவிட்டது. நீ அதை அறிந்திருந்தாய். அதனாலேயே, மார்கழியின் தொடக்கத்தில் இரவு உணவின்போது நான் சொன்ன வார்த்தைக்கு நீ மறுப்புச் சொல்லவில்லை.

"மா, பின்னாடி டிரைவ் டயர் எல்லாம் தேஞ்சு போச்சு. வின்டருக்கு முன்னாடியே சேஞ்ச் பண்ணியிருக்கணும், விட்டுட்டேன். இந்த வாரம் மாத்திடலாம்னு இருக்கேன்" என்றாய்.

"மார்கழி பொறந்தாச்சேப்பா. இப்போ புதுசா ஒண்ணும் வாங்கறதில்லையே. தை பொறக்கட்டும். முதல் வெள்ளிக்கிழமை பூஜை போட்டு மாத்திக்கலாம்" என்றேன் நான்.

"ஓகே மா."

நித்யா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அத்தை, பஃபலோல விழற ஸ்னோவுக்கு மார்கழி, தையெல்லாம் தெரியாது."

"நித்யா, விடு. ஸ்லோவா ஓட்டிக்கறேன்" என்றாய் நீ. அவள் ஏற்கெனவே உலர்ந்திருந்த ஒரு தட்டை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியையே முன்னே தள்ளும் டயர்களைப் பற்றி அல்லவா நாம் பேசிக்கொண்டிருந்தோம்? அந்தத் தட்டைப் பார்த்தாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. டிசம்பரும் இம்முறை இதமாகவே இருந்தது. நீ போய்ப் போய் வந்தாய். நானும் என் பஞ்சாங்கமே உன்னைக் காத்ததாக எண்ணி உறங்கினேன்.

இங்கே ஒரு பழைய நாளைச் சொல்ல வேண்டும். நாம் இந்நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம் உனக்கு நினைவிருக்கிறதா? நாம் மூவரும் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பும்போது, கடையின் வாகன நிறுத்தத்தில் உன் தந்தை மெல்ல வளைத்தார், வண்டி வளைந்தது, பிறகு வளைவதை நிறுத்தவே இல்லை. அந்த வெண்ணிற வெளியில் நம் பழைய கார் முழு வட்டமாகச் சுழன்றது. எனக்கு இன்றும் நினைவிலிருப்பது அச்சமன்று, அதன் ஓசையின்மை. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக என் முகத்தைக் கடந்து சென்றன. மடியிலிருந்த கொத்தமல்லிக் கட்டு மணத்தது. கோயில் பிராகாரத்தை யாரோ நமக்காகச் சுழற்றிக் காட்டுவதுபோல் இருந்தது. வண்டி தானாக நின்றதும் உன் தந்தை ஸ்டியரிங்கை விடாமலே, "ஒண்ணும் ஆகலை" என்றார். பின்னிருக்கையில் நீ கைதட்டி, "இன்னொரு வாட்டி பா! இன்னொரு வாட்டி!" என்று கூவினாய். மறுநாளே அவர் நான்கு டயர்களையும் மாற்றினார். அன்று எந்தத் திதி என்று எங்கள் இருவரில் யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சென்ற திங்கட்கிழமை காலை, "பொங்கலுக்குக் கரும்பு வந்து இறங்கியிருக்கு, பாக்க வரியா மா?" என்று என்னைக் கிடங்குக்கு அழைத்துச் சென்றாய். அந்தப் பெரிய இரும்புக் கதவு உயர்ந்ததும் நான் கண்டதை எப்படிச் சொல்வேன்? வெளியே பனி. உள்ளே, தோகை கழிக்காத செங்கரும்பு கட்டுக் கட்டாகச் சாய்ந்திருந்தது; வேரில் மண் ஒட்டிய மஞ்சள் கொத்துகள் ஈரத்தாளில் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. பனிநிலத்தின் நடுவே ஒரு மருத நிலம் குளிருக்கு ஒதுங்கி நிற்பதுபோல் தோன்றியது. அப்போது உன் கைபேசி ஒலித்தது. நீ அதை ஸ்பீக்கரில் போட்டாய். பஃபலோவில் கடை வைத்திருக்கும் அம்மையார்.

"தம்பி, கரும்பு கண்டிப்பா வந்துடும்ல? போன வருஷம் ஸ்னோன்னு சொல்லி வேற ஒருத்தர் வராமலே விட்டுட்டார். மூங்கில் குச்சிக்குப் பச்சை பெயின்ட் அடிச்சு நட்டு வெச்சுப் பொங்கல் வெச்சோம். ஒரு பொடியன் அதைப் போய்க் கடிச்சுட்டான்!"

"வந்துடும் ஆன்ட்டி. டோன்ட் வொர்ரி. சனிக்கிழமை உங்க கடை வாசல்ல இருக்கும்."

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்கவில்லை. தை பிறந்தபின் டயர் வாங்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த ஊருக்குத் தை தானாகப் பிறந்துவிடப் போவதில்லை. உன் வண்டியில் ஏறி, மலைச்சாலை கடந்து, தேய்ந்த டயர்களின்மேல் அமர்ந்துதான் அது போய்ச் சேர வேண்டியிருந்தது. எந்த மாதத்துக்காக உன்னைக் காத்திருக்கச் சொன்னேனோ, அந்த மாதத்தையே நீ சுமந்து செல்பவனாக இருந்தாய்.

பிறகு நீ, கரும்பு ஏற்றுவதற்கு வாகாக வண்டியை மாற்றி நிறுத்துவதற்காக ஏறினாய். கிடங்கு வாசலில் ஒரு சிறு சரிவு. பனியின் அடியில் நேற்றைய நீர் உறைந்திருந்தது. நீ வண்டியை எடுத்தாய். இன்ஜின் உறுமியது; பின்சக்கரங்கள் சுழன்றன; வண்டி நகரவில்லை. ஒரே இடத்தில், ஏதோ தியானத்தில் இருப்பவைபோல் அவை சுழன்றன. பிறகு அவ்வளவு பெரிய வண்டி, தன் எடையை மறந்து, பக்கவாட்டில் ஓர் இலைபோல் நழுவியது. மிக மெல்ல. கிடங்கின் சுவருக்கு ஒரு முழம் முன்னே நின்றது. நீ கதவைத் திறந்து இறங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "ஒண்ணும் ஆகலை மா."

அதே சொற்கள், கண்ணா. அதே நிதானம். உன் தந்தையிடமிருந்து நீ மூக்கைப் பெற்றாய், நடையைப் பெற்றாய். இதையும் பெற்றிருக்கிறாய் என்று அன்றுதான் தெரிந்தது.

"வா, டயர் கடைக்குப் போலாம்" என்றேன்.

"இப்பவா? மா, இப்போ ராகு காலம்."

"தெரியும்."

"மார்கழி வேற."

"அதுவும் தெரியும்டா. கிளம்பு."

"யாரும்மா நீங்க? எங்க அம்மாவ எங்க?" என்று என் கம்பளித் தொப்பியைத் தூக்கிப் பார்த்தாய். பின்னாலிருந்த கிடங்குப் பையன்களெல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் அழுகையும் வந்தது. குளிரினால் என்று நினைத்திருப்பாய்.

டயர் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பியை நமக்குக் கோயிலில் தெரியும். "வாங்கோ அம்மா! மார்கழியில விடிஞ்சா கோயிலுக்குத்தானே போவியள், இஞ்ச என்ன விசேஷம்?" என்று நாற்காலி போட்டார். அதன்பின் நீங்கள் இருவரும் பேசியதை நான் ஒரு விரிவுரை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் அவர் காட்டியது வழவழப்பான ஓரங்களை உடைய ஒரு டயர். டீசலை மிச்சப்படுத்தும், தொலைதூரம் நேராக ஓடுகிறவர்களுக்கு உகந்தது என்றார். நீ தலையசைத்து மறுத்தாய். "நான் ஊருக்கு ஊர் நிக்கறவன் அங்கிள். கடைப் பின்பக்கம் வளைச்சு வளைச்சு ரிவர்ஸ் எடுக்கணும். அந்த வளைவுலயே இது ஓரம் தேஞ்சிடும். ஸ்னோவும் கவ்வாது." அடுத்தது ஆழமான பள்ளங்களுடன் ஒரு மலைக்குகைபோல் இருந்தது. அதையும் வேண்டாம் என்றாய். நம் ஜெர்சியில் பாதி நாள் சாலை காய்ந்தே கிடக்கும், வெறும் பனிக்கென்று செய்தது காய்ந்த சாலையில் விரைந்து கரைந்துவிடும் என்றாய். மூன்றாவதை அவர் உருட்டிக்கொண்டு வந்தபோது உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஓரங்கள் திறந்து பனியை வெளியே தள்ளுவதாகவும், ஒவ்வொரு கட்டத்திலும் மயிரிழை போன்ற கீறல்கள் பனிக்கட்டியைப் பற்றுவதாகவும், அதன் ரப்பர் கடுங்குளிரிலும் இறுகிக் கல்லாகாததாகவும் சொன்னாய். என் கையைப் பிடித்து அதன் பக்கவாட்டில் வைத்தாய். மூன்று சிகரமுள்ள ஒரு மலை. அதன் நெஞ்சில் ஒரு பனிப்பூ.

"மா, எம் எஸ், அதாவது மட் அண்ட் ஸ்னோன்னு எழுத்து மட்டும் இருந்தா அது டிசைனப் பாத்துப் போடறது. இந்த மலை மார்க் ஸ்னோல டெஸ்ட் பண்ணிப் பாஸ் ஆனாத்தான் போடுவாங்க."

மலையைக் கண்டால் கைகூப்பும் மரபில் வந்தவள் நான். தொட்ட விரல்களை என்னையறியாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "அம்மா டயரைக் கும்பிடுறா! இனி நான் கற்பூரமும் விக்கவேணும்" என்றார் தம்பி.

முன்சக்கரங்களுக்கு நேர்க்கோடுகள் ஓடும் புதிய டயர்களைத் தேர்ந்தாய். திசையைக் காப்பவை அவை, அவற்றில் சமரசம் கூடாது என்றாய். பின்னால் இழுபடும் டிரெய்லருக்குப் புதுப்பித்த டயர்களே போதும் என்றபோது நான் விளக்கம் கேட்டேன். உறுதியான பழைய உடலின்மேல் புதிய மேல்பட்டை ஒட்டுவார்கள் என்றாய். ஆன்மா பழைய உடலைக் களைந்து புதியதில் புகும் என்றுதான் நான் படித்திருக்கிறேன். உடல் பழையதாகவே இருக்கப் பாதம் மட்டும் புதிதாகப் பிறக்கும் இந்த மறுபிறவி எனக்குப் பிடித்திருந்தது. முழங்கால் வலிக்கும் நாள்களில் இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும்.

ஆனால் நான் இக்கடிதத்தில் உனக்குச் சொல்ல விழைவது நீங்கள் கடைசியாகப் பேசியதைப் பற்றி. பின்னச்சில் ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு டயர்கள் இணைந்தே நிற்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன என்று நான் கேட்டேன். "கூடாது அம்மா. ஒண்டு உயரமாயும் மற்றது தேஞ்சும் இருந்தா, பாரம் முழுக்க உயரமானதில ஏறிடும். மற்றது சும்மா இழுபட்டு இழுபட்டுக் கிழியும். பாக்க ரெண்டும் ஒண்டாத்தான் ஓடுற மாதிரி இருக்கும்" என்றார் தம்பி. அப்போது எனக்கு அந்த உலர்ந்த தட்டு நினைவுக்கு வந்தது. அன்றிரவு நித்யா சொன்னதே சரி. அவள் சரியென்று உனக்கும் தெரியும். ஆயினும் அவளை "விடு" என்றாய். என்னிடம் "ஓகே" என்றாய். என் மனத்தைக் காத்துவிட்டாய்; அச்சத்தின் பாரம் முழுவதையும் அவள் பக்கம் ஏற்றிவிட்டாய். நீ சாலையில் இருந்த இரவுகளில் அவள் கைபேசியில் வானிலை வரைபடத்தைப் பார்த்தபடி கூடத்தில் அமர்ந்திருந்ததை நான் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது கண்டிருக்கிறேன். வேலை இருக்கிறது அத்தை என்பாள். என் அன்புக்காக அவள் அன்பைத் தேய விடாதே. எனக்கு மறுப்புச் சொல், நான் தாங்குவேன். நான் கோபித்துக்கொண்டாலும் மாலைக் காப்பிக்குள் சரியாகிவிடுவேன் என்பது உனக்குத் தெரியாதா?

மார்கழியைப் பற்றியும் நான் நிறைய யோசித்தேன். இம்மாதம் தீயது என்று எந்த நூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இறைவனுக்கென்று ஒதுக்கிய மாதம். ஆகவே நம் சொந்தக் கொண்டாட்டங்களைத் தள்ளிவைக்கிறோம், அவ்வளவே. இருளிருக்கும்போதே எழுந்து, உறங்குகிறவர்களை வாசல் வாசலாகச் சென்று எழுப்புவதுதான் இம்மாதத்து வழிபாடு. இத்தனை ஆண்டுகள் அந்தத் துயிலெழுப்பும் பாசுரங்களைப் பாடிய என்னை, கிடங்கு வாசலில் சுழன்ற உன் சக்கரங்கள் எழுப்ப வேண்டியதாயிற்று. உயிரைக் காப்பது புதுக் காரியம் அன்று, கண்ணா. அது எல்லாவற்றுக்கும் முந்தைய பழைய காரியம். அதற்குத் திதி தேவையில்லை.

புதிய டயர்களுடன் வண்டியை நீ கடைக்கு வெளியே எடுத்தபோது நான் வாசலில் நின்றேன். யாரும் மிதிக்காத பனி. அதன்மேல் வண்டி மெல்ல ஊர்ந்து சென்ற தடத்தைக் குனிந்து பார்த்தேன். இதழிதழாக, கண்ணி கண்ணியாக, எங்கும் விட்டுப்போகாமல் பதிந்திருந்தது. வந்தபோது பதிந்த பழைய தடமும் பக்கத்தில் இருந்தது. நடுவில் மொழுக்கென்று, யாரோ கையால் வழித்துவிட்டதுபோல். இம்மார்கழி முழுவதும் வாசலில் கோலமிட முடியவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். மாவு போட்டால் பனி மூடுகிறது. வெள்ளைமேல் வெள்ளை யாருக்குத் தெரியும்? அன்று அந்தத் தடத்தைக் கண்டபின் ஏக்கம் நீங்கியது. இவ்வாண்டுக் கோலத்தை நீ இட்டுக்கொண்டு போ. நம் ஊர் எல்லையிலிருந்து மலை கடந்து பஃபலோ வரை இட்டுக்கொண்டு போ. பின்னாலேயே பனி பெய்து அதை அழித்துவிடும், அழிக்கட்டும். கோலம் நிலைப்பதற்கென்று இடப்படுவதில்லை. இட்டவர் நலமாக உள்ளே திரும்பிவிட்டார் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

டயர் எவ்வளவு நல்லதாயினும் கண்ணாடிபோல் உறைந்த சாலை யாருக்கும் கட்டுப்படாது என்று நீயே சொன்னாய். எனவே வழி தெரியாத அளவுக்குப் பனி கொட்டினால் நில். சாலையை மூடினால் திரும்பு. கரும்பு வாடட்டும், அந்த அம்மையாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். பச்சை பெயின்ட் அடித்த மூங்கிலை இறைவன் ஏற்றுக்கொள்வார். அவர் இதைவிட விசித்திரமானவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டவர். பொங்கலன்று நான் பானை வைக்கும்போது என் பக்கத்தில் நீ நின்றால் போதும்.

குளிரில் டயரின் காற்று இறங்கிவிடும், புறப்படும் முன் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்க வேண்டும் என்றாயல்லவா? அந்த அளக்கும் கருவியை நீ ஃபிளாஸ்க் மூடியோடு சேர்த்துத் தேடிக்கொண்டிருப்பாய். தேட வேண்டாம். பூஜை அறையில், மணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் வைக்கவில்லை, நித்யா வைத்தாள். அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போ.

உன் அம்மா